பிள்ளையின் பிறந்த நாளும் நம் வீட்டு விருந்தும்

பிள்ளைக்கு ஒரு வயது கூடுகிறது. வீட்டில் நாலு பிள்ளைகளை அழைத்து, பலூன் கட்டி, இனிப்புக் கொடுத்தால் மார்க்கத்தில் என்ன குற்றம்? இந்தக் கேள்வி இன்று ஏறக்குறைய எல்லா முஸ்லிம் வீடுகளிலும் எழுகிறது. பெரும்பாலும் கேட்பது பிள்ளைதான். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கேக் வெட்டினார்கள், வகுப்பில் ஒவ்வொருவரும் மிட்டாய் கொடுக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று அது கேட்கிறது. வாப்பா, "அதெல்லாம் நமக்கில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். உம்மாவுக்கு மனம் கேட்பதில்லை. சாச்சி வீட்டில் போன மாதம் நடந்ததே என்கிறார். அப்புறம் மூன்று நாளைக்கு வீட்டில் முகம் கொடுத்துப் பேச்சில்லை.

ஒரே சொல்லில் முடிப்பதும் சரியல்ல. ஊரோடு ஒத்துப் போவோம் என்று மண்டபம் பிடிப்பதும் சரியல்ல. மார்க்கம் இதில் எதைச் சொல்லியிருக்கிறது, எதைச் சொல்லவில்லை என்று நாம் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆண்டுதோறும் கொண்டாடும்படி நமக்கு அருளப்பட்ட பெருநாட்கள் இரண்டுதாம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ள மக்கள் இரண்டு நாட்களை விளையாடிக் களிக்கும் நாட்களாக வைத்திருந்தார்கள். அவற்றுக்குப் பகரமாக நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் அல்லாஹ் தந்திருப்பதாக அண்ணலார் அறிவித்தார்கள். அனஸ் (ரலி) அவர்களின் இந்த அறிவிப்பு அபூதாவூதில் இருக்கிறது. தம் பேரப்பிள்ளைகள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவர் மீதும் அவர்கள் வைத்திருந்த பாசம் நாமெல்லாம் அறிந்ததே. ஸஜ்தாவில் இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதால், அது ஆசை தீர இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டியவர்கள் அவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கொரு முறை பிறந்த நாள் வைத்துச் சிறப்பித்ததாக ஓர் அறிவிப்பும் இல்லை. ஸஹாபாக்களும் செய்யவில்லை. உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத்தில் முஸ்லிம்களுக்கென்று ஓர் ஆண்டுக் கணக்கு வேண்டும் என ஆலோசனை நடந்தபோது, அதன் தொடக்கமாக அவர்கள் எடுத்துக்கொண்டது நபி (ஸல்) அவர்களின் பிறப்பை அல்ல, ஹிஜ்ரத்தை.

திங்கட்கிழமை நோன்பைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது தாம் பிறந்த நாள், தமக்கு வஹீ இறங்கிய நாள் என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னதாக முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உண்டு. பிறந்த நாள் விழாவுக்கு இதை ஆதாரமாகக் காட்டுவோரும் உண்டு. காட்டட்டும். ஆனால் அது வாரந்தோறும் வரும் நாள். அந்த நாளில் அண்ணலார் செய்ததோ நோன்பு நோற்றது. வாயில் கேக்கை வைத்துக்கொண்டு நோன்பின் ஹதீஸை ஓதுவது நமக்கு ஒட்டவில்லை.

உலமாக்களிடையே இதில் ஒரே சொல் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சவூதி அரேபியாவின் ஷைகு இப்னு பாஸ் அவர்கள் பிறந்த நாள் விழாவை பித்அத் என்றே ஃபத்வா கொடுத்தார்கள். எகிப்தின் தாருல் இஃப்தாவோ, வணக்கம் என்ற எண்ணம் இல்லாமல் வெறும் வழக்கமாகச் செய்தால், ஹராமான எதுவும் கலக்காவிட்டால் ஆகும் என்கிறது. 2008-இல் சவூதியிலேயே ஸல்மான் அல் அவ்தா என்ற அறிஞர், பெருநாள் என்று பெயரிடாதவரை தவறில்லை என்று கூற, நாட்டின் தலைமை முஃப்தி அதை மறுத்துரைத்தார். நம் நாட்டு மதரஸாக்களின் உலமாக்களில் பெரும்பாலோர் விலகிக்கொள்ளவே சொல்கிறார்கள். விலகுவதே பேணுதல் என்பது நம் கருத்தும்கூட. ஆனால் இதற்காகச் சொந்தக்காரர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் போடுவதற்கு மார்க்கத்தில் இடமில்லை. உறவை அறுப்பதன் பாவம் யாரும் கருத்து வேற்றுமை கொள்ளாத பாவம்.

இந்தச் சடங்கு எங்கிருந்து வந்தது என்பதும் அறிந்துகொள்ளத் தக்கது. கேக்கின் மேல் வயதுக்கொன்றாக மெழுகுவர்த்தி நட்டுக் கொளுத்துவது 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் வழக்கத்திலிருந்து, பிறகு மற்ற நாடுகளுக்குப் பரவியது. பழைய கிறிஸ்தவ அறிஞர்களில் ஒருவரான ஒரிஜென், வேதத்தில் பிறந்த நாள் கொண்டாடியவர்களாக வருவோர் ஃபிர்அவ்னும் ஏரோதும்தான் என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டி, அதை விரும்பாமல் எழுதியிருக்கிறார். நம் பக்கம் முகலாய மன்னர்கள் அக்பரும் ஜஹாங்கீரும், சூரியக் கணக்கில் ஒரு முறை, சந்திரக் கணக்கில் ஒரு முறை என்று ஆண்டுக்கு இரண்டு பிறந்த நாள் வைத்து, தராசில் உட்கார்ந்து பொன்னுக்கும் வெள்ளிக்கும் எடை நிறுத்தார்கள். இந்நாட்டு அரசர்களின் துலாபார வழக்கம் அது. அவுரங்கசீப் தமக்கு அதை நிறுத்திவிட்டார். எடை போட்ட பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய விழாக்களில் அந்தப் பாதியைத்தான் விட்டுவிட்டோம். வேலூர், ஆம்பூர்ப் பக்கம் உர்து பேசும் நம் சகோதரர்கள் பிறந்த நாளை 'சால்கிரா' என்பார்கள். ஆண்டு முடிச்சு என்று பொருள். ஒரு கயிற்றில் ஆண்டுக்கொரு முடிச்சுப் போட்டு வயதை எண்ணிய காலத்தின் சொல் அது.

ஆக, பிறந்த நாள் விழா என்று நாம் சொல்வதில் மூன்று சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று சடங்கு: மெழுகுவர்த்தி, ஊதி அணைப்பது, வாழ்த்துப் பாட்டு. இதை விட்டுவிடுவதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. உணவிலும் பானத்திலும் ஊதுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பத்துப் பேர் தின்னப்போகும் பண்டத்தின் மேல் பிள்ளையை ஊதச் சொல்லிக் கைதட்டுகிறோம். இரண்டாவது அந்தத் தேதி. அதற்குத் தனிச் சிறப்பு எதுவுமில்லை. மூன்றாவது, பிள்ளைகளைக் கூட்டி வைத்து உணவளிப்பது. இது எந்த நாளிலும் நன்மையே. மூன்றாவதை வைத்துக்கொண்டு முதல் இரண்டையும் கழித்துவிட முடியுமா என்பதே நம் வீட்டுப் பிரச்சினை.

முடியும் என்கிறோம். ஆனால் அதற்கு முன் அகீகாவைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை பிறந்ததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தும் விருந்து நம் மார்க்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் நாள் ஏழாம் நாள். அன்று அறுத்துக் கொடுத்து, பெயர் சூட்டி, தலைமுடி களைவது ஸமுரா (ரலி) அவர்களின் ஹதீஸில் வருகிறது. ஆணுக்கு இரண்டு ஆடு, பெண்ணுக்கு ஓர் ஆடு. ஆணுக்கு ஒன்றே கொடுத்தாலும் ஸுன்னத்தின் அடிப்படை கிடைத்துவிடும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. அந்த மத்ஹபில் இது வலியுறுத்தப்பட்ட ஸுன்னத்து. ஹனஃபி மத்ஹபில் அந்த அளவு வலியுறுத்தல் இல்லை. களைந்த முடியின் எடைக்கு வெள்ளியை தர்மம் செய்யுமாறு ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஹஸன் (ரலி) அவர்களின் முடி ஒரு திர்ஹமோ அதற்கும் குறைவோதான் இருந்ததாம். ஒரு திர்ஹம் என்பது சுமார் 3 கிராம் வெள்ளி. எந்த ஏழையாலும் ஆகக்கூடிய காரியம். ஆனால் ஏழாம் நாள் ஆட்டுக்குக் கையில் பணமில்லை என்றவர்கள் முதலாம் ஆண்டு விழாவுக்கு மண்டபம் பிடிப்பதைப் பார்க்கிறோம். ஏழாம் நாள் தவறியவர்கள் பிறகும் அகீகா கொடுக்கலாம். பிள்ளை பருவமடையும்வரை அது தகப்பன் பொறுப்பில் இருப்பதாக ஷாஃபிஈ இமாம்கள் கூறுவர். பிள்ளைக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று துடிப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைத் தீர்க்கட்டும்.

இனி வீட்டு விருந்துக்கு வருவோம்.

'பிறந்த நாள்' என்ற பெயரைச் சொல்லி அழைத்த மாத்திரத்திலேயே வருபவரிடம் நாம் ஒரு கட்டணம் கேட்டுவிடுகிறோம். இது பலருக்குத் தோன்றுவதில்லை. 'சாப்பிட வாருங்கள்' என்றால் வெறுங்கையோடு வரலாம். 'பிறந்த நாளுக்கு வாருங்கள்' என்றால் பொட்டலம் இல்லாமல் படியேற முடியாது. 'பரிசு வேண்டாம்' என்று சொல்லி அனுப்பினாலும் யாரும் நம்புவதில்லை. முதலில் வந்தவர் கொண்டுவந்துவிட்டால் அடுத்தவருக்குத் தலைகுனிவு. சகோதரி ஒருவர் நமக்கு எழுதியிருந்தார். மகளின் தோழி வீட்டில் அழைப்பு. கணவர் வெளிநாட்டில்; அந்த மாதம் பணம் வரத் தாமதம். வேறு வழியில்லாமல், மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற ஏழு வயதுப் பெண், "உம்மா, எனக்குக் காய்ச்சல் இல்லையே" என்று கேட்டதாம். அந்தத் தாய் சொன்ன பொய்க்கு அவரே பொறுப்பு. ஆனால் அந்த நிலைக்கு அவரைத் தள்ளிய அழைப்பில் அழைத்தவருக்குப் பங்கில்லை என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமாவின் உணவே உணவுகளில் கெட்டது என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. வலீமாவோ ஸுன்னத்தான விருந்து. அதற்கே இந்த எச்சரிக்கை என்றால், ஸுன்னத்தும் அல்லாத ஒரு விருந்தில் ஏழைப் பிள்ளை வாசலுக்கு வெளியே நிற்பதை என்னவென்று சொல்வது? ஆகவே அழைப்பவர் பட்டியலைத் தலைகீழாகப் போடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் பிள்ளைகள், தெருவில் வாப்பா இல்லாமல் வளரும் பிள்ளை, மதரஸாவில் உங்கள் பிள்ளையோடு ஓதுபவர்கள் ஆகியோரை முதலில் எழுதுங்கள். சொந்தக்காரர் பெயரை அப்புறம் எழுதலாம்; அவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள்.

அடுத்தது சொந்த வீட்டுக்குள்ளேயே நடக்கும் அநியாயம். மூத்த மகனுக்கு விமரிசையாகச் செய்தார்கள். மூன்றாவது பெண்ணுக்கு, "பரீட்சை நேரம், அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்றார்கள். பிள்ளை மறக்காது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய தந்தை ஓர் அன்பளிப்பைக் கொடுத்தார். தாயார் அம்ரா (ரலி), நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்கினால்தான் மனம் பொருந்துவேன் என்றார்கள். தந்தை போய்க் கேட்டபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோலக் கொடுத்தீரா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும், பிள்ளைகளிடையே நீதியாக நடக்கும்படி சொல்லிச் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். தந்தையும் கொடுத்ததைத் திரும்பப் பெற்றார். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனி நாள், தனி உடுப்பு, தனிப் பரிசு என்று வைக்கும்போது இந்த ஹதீஸ் நம் நினைவுக்கு வர வேண்டும்.

எனவே நாம் சொல்லும் யோசனை இது: ஆண்டுக்கு ஒரு முறை, வீட்டிலுள்ள பிள்ளைகள் எல்லார் பெயரிலும் ஒரே விருந்து. யாருடைய பிறந்த தேதியிலும் வேண்டாம். பள்ளி விடுமுறையில் ஒரு நாளைப் பாருங்கள். இரண்டு பெருநாட்களில் ஒன்றை அடுத்த நாளாக இருந்தால் இன்னும் நல்லது. பெருநாளின் மகிழ்ச்சியோடு அது சேர்ந்துகொள்ளும். நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் செலவும் நாலில் ஒன்றாகிவிடும். தேதி வராத ஏமாற்றம் பிள்ளைக்கு முதல் ஆண்டில் இருக்கும். தன் தோழர்களைத் தானே அழைத்து, தன் கையால் பரிமாறப் பழகிவிட்டால் அடுத்த ஆண்டு தேதியைக் கேட்காது. கேட்டால்தான் என்ன? 'நீ பிறந்த நாளில் வாப்பா எப்படி ஓடினார், நன்னி காதில் பாங்கு சொல்லக் கேட்டுக் கண்ணீர் விட்டார்' என்று அன்றிரவு மடியில் வைத்துச் சொல்லுங்கள். இதற்கு யாரும் ஃபத்வா கேட்க வேண்டியதில்லை.

நேரத்தைக் குறிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விழா என்றாலே மாலை ஆறரை மணி. சென்னையில் சூரியன் மறைவது நவம்பரில் ஐந்தே முக்காலையொட்டி, ஜூலையில் ஆறரையைத் தாண்டி. எப்படிப் பார்த்தாலும் மக்ரிப் அந்த ஆரவாரத்தில் போகிறது; உம்மாவுக்கும் அடுப்படியில் நிற்கும் ராத்தாவுக்கும் நிச்சயமாகப் போகிறது. இருட்டத் தொடங்கும் வேளையில் பிள்ளைகளை வெளியில் விடாமல் தடுத்துக்கொள்ளும்படி ஜாபிர் (ரலி) அவர்களின் ஹதீஸ் வேறு இருக்கிறது. விடுமுறை நாளில் காலை பத்து மணிக்கு வைத்து, லுஹருக்குப் பாங்கு சொன்னதும் வந்த பையன்களையும் கூட்டிக்கொண்டு வாப்பா பள்ளிக்குப் போகட்டும். தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால் சோறு.

உணவில் ஆடம்பரம் தேவையில்லை. தேங்காய்ப்பால் கஞ்சி, வட்டலப்பம், இடியப்பம், நெய்ச்சோறு என்று நம் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பிடித்தவை ஏராளம். கேக்கும் தின்பண்டந்தான், சடங்கில்லாமல் துண்டுபோட்டுத் தட்டில் வைத்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் கடைப் பண்டங்களில் கவனம் வேண்டும். ஜெல்லியிலும் மெத்தென்ற சில மிட்டாய்களிலும் ஜெலட்டின் சேர்கிறது. அது மாட்டெலும்பிலிருந்தும் வரலாம், பன்றித் தோலிலிருந்தும் வரலாம். பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் பிராணிப் பொருள் இல்லை என்று அர்த்தம். ஆனால் அந்தப் புள்ளி மதுசாரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. வனிலா எஸன்ஸ் சில மதுசாரத்தில் கரைத்தவை. கேக் கடையில் ரம் சேர்த்ததா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். மிச்சத்தைக் குப்பையில் கொட்டாதீர்கள். வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று 17-ஆம் அத்தியாயத்தின் 27-ஆம் ஆயத்து சொல்வது தின்ன முடியாமல் கொட்டும் பிரியாணியையும் சேர்த்துத்தான். படம் பிடித்து உடனுக்குடன் கைபேசியில் ஊருக்கெல்லாம் காட்டுவதையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். வர முடியாத வீட்டுப் பிள்ளையும் அதைப் பார்க்கிறது.

மாற்றுமத அண்டை வீட்டார் தங்கள் பிள்ளையின் பிறந்த நாளுக்கு நம் பிள்ளையை அழைத்தால் என்ன செய்வது? பூஜை முதலியன இல்லாத வெறும் விருந்தானால், பிள்ளையை ஒரு புத்தகமோ பேனாவோ கொடுத்து அனுப்பி, ஹலாலானதைச் சாப்பிட்டு வரச் சொல்வதில் நாம் தவறு காணவில்லை. உங்கள் ஊர் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் விருந்துக்கு அந்தப் பிள்ளையை மறவாமல் அழைக்க வேண்டும். வகுப்பில் மிட்டாய் கொடுக்கும் ஆசை நம் பிள்ளைக்கு இருந்தால், பெருநாள் முடிந்து பள்ளி திறக்கும் நாளில் கொடுக்கட்டும். ஏன் கொடுக்கிறாய் என்று தோழர்கள் கேட்பார்கள், அது பதில் சொல்லும்.

தேதிக்குச் சிறப்பில்லை என்றோமே தவிர, வயதுக்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. பிள்ளையின் வயதை ஷரீஅத்து கவனமாக எண்ணுகிறது. ஏழு வயதில் தொழச் சொல்லி ஏவ வேண்டும். பத்து வயதில் விட்டால் கண்டிக்க வேண்டும். பருவத்தின் அடையாளம் எதுவும் தெரியாவிட்டாலும் பதினைந்து நிறைந்தால் தொழுகையும் நோன்பும் கடமையாகிவிடுகின்றன. இந்த எண்ணிக்கையெல்லாம் பிறைக் கணக்கில். பிறை ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்களே. ஆகவே ஏழு வயது, ஆங்கிலத் தேதிப்படி நிறைவதற்குச் சுமார் இரண்டரை மாதம் முன்பே நிறைந்துவிடும். பத்து வயது மூன்றரை மாதம் முன்பே. பதினைந்து ஐந்து மாதத்துக்கும் மேல் முன்பே. 2017 மே கடைசியில், நோன்புப் பிறை தொடங்கியபோது பிறந்த பிள்ளைக்கு 2024 மார்ச் இரண்டாம் வாரத்திலேயே ஏழு முடிந்துவிட்டது. அதன் உம்மாவோ மே மாதக் கடைசிக்குப் பலூன் வாங்கக் காத்திருந்திருப்பார். பெண் பிள்ளைகளின் விஷயத்தில் ஷாஃபிஈ மத்ஹபில், ஹைளு தொடங்கக்கூடிய குறைந்த வயது பிறைக் கணக்கில் ஏறக்குறைய ஒன்பது. ஆங்கிலக் கணக்கில் அது எட்டே முக்கால். தாய்மார்கள் அதற்குள் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

நம் பாட்டிமார்கள் 'இவன் மவ்லூதுப் பிறை பதினாலில் பிறந்தவன்', 'இவள் ஹஜ்ஜுப் பிறையில் பிறந்தவள்' என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஆங்கிலத் தேதி அவர்களுக்குத் தெரியாது. அதனால் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் ஜூன் முதல் தேதி என்று எழுதிக்கொண்டார். இன்று நிலைமை நேர்மாறு. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்து சான்றிதழ் வாங்கிவிடுகிறோம். 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்கவும் அதுவே ஆவணம் என்பதால் வாங்கித்தான் ஆக வேண்டும். பிறை என்ன என்றால் வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை. சான்றிதழின் நகல் ஒன்றின் பின்பக்கம் பிறைத் தேதியையும், ஏழு, பத்து, பதினைந்து நிறையும் மாதங்களையும் எழுதி வையுங்கள். நம் பள்ளிவாசல்களில் கொடுக்கும் காலண்டர்களில் இரண்டு தேதிகளும் அச்சாகி வருகின்றன; பழைய ஆண்டின் காலண்டர் கையில் இல்லாவிட்டால் பள்ளி இமாமிடம் ஆங்கிலத் தேதியைக் கொடுத்தால் பார்த்துச் சொல்லிவிடுவார். பிறந்தது மக்ரிபுக்கு முன்பா பின்பா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறை நாள் மக்ரிபோடு மாறிவிடும்.